அரளி மாலையும் கால்சியம் பாட்டிலும்

கால்சியம் பாட்டிலைக் கையில் எடுத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது? கன்று போட்ட இரண்டாம் மூன்றாம் நாளில், நன்றாகக் கறக்கிற மாடு திடீரென்று கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். காது சில்லிட்டுப் போயிருக்கும். பால் சுரம் என்று பேர், ஆனால் உடம்பில் சூடே இருக்காது. ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாக மடிக்கு இறங்கிவிடுவதால் வருகிற படுக்கை அது. பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கழுத்து நரம்பில் ஏற்றினால், பாதி இறங்கும்போதே தோல் சிலிர்க்கும், ஏப்பம் விடும், சாணி போடும். காலிப் பாட்டிலை நான் பைக்குள் வைப்பதற்குள் எழுந்து நின்று கன்றைத் தேடும். சுற்றி நிற்கிறவர்கள் அப்போது என்னைப் பார்க்கிற பார்வை முப்பத்து மூன்று வருஷத்தில் ஒருநாளும் எனக்கு அலுக்கவில்லை.

போன மாதம் திருப்பதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கால்நடை உதவியாளர்களுக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற எங்களில் நாலைந்து பேரையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், மீ சர்வீஸ்லோ மர்ச்சிபோலேனி கேஸ் ஏதி?" என்று கேட்டாள். மறக்க முடியாத கேஸ். நான் நகரிப் பக்கத்து அரளி மாட்டைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் நெசவுக்காரக் குடும்பம். நைனா தறியில் உட்கார்ந்தே முதுகு கூனியவர். எனக்கு நூல் எண்ணுகிற பொறுமை கிடையாது. பத்தாவது முடித்துக் கால்நடை உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். அந்த ஒரு வருஷத்தில் ஊசி போடவும், மாட்டை அடக்கவும், தெலுங்கில் ரிப்போர்ட் எழுதவும் கற்றுக்கொண்டேன். முதல் போஸ்டிங் குடிபாலா, அப்புறம் ராமகுப்பம், கடைசிப் பன்னிரண்டு வருஷம் சொந்த ஊரான நகரிப் பக்கம். செங்கல்வராயன் என்று பேர் இருந்தும் யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் நான் காம்பவுண்டர்தான்.

நகரியில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் டாக்டர் பத்மஜா. கடப்பா பக்கத்துக்காரர். தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுவார். மாட்டுக்கு முன்னால் போய் நின்றதும் அவர் செய்கிற முதல் காரியம், கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்வது. பிறகு மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, முழுசாக ஒரு நிமிஷம் கேட்பார். கால் நிமிஷம் கேட்டு நாலால் பெருக்குகிற வேலையெல்லாம் கிடையாது. சொறி வந்த மாடானாலும், கொம்பு உடைந்த மாடானாலும் அதே ஒரு நிமிஷம். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது. "கொம்பு உடைஞ்சதுக்கு நெஞ்சைக் கேட்டு என்ன பண்ணப்போறாங்க?" என்று நான் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வேன். உச்சி வெயிலில் அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வெயில் என்றால் எங்கள் பக்கத்து வெயில். சித்திரை பிறந்துவிட்டால் கலப்பின மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு நாய் மாதிரி இரைக்கும். வெயில் ஏறுவதற்குள் மேய்ச்சலை முடியுங்கள், தவிட்டுத் தண்ணீரைச் சாயங்காலம் வையுங்கள், தகரக் கொட்டகையில் கட்டாதீர்கள், சாக்கை நனைத்து முதுகில் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வதே எங்களுக்கு இரண்டு மாத வேலை. கடைசியில் எல்லாம் மரத்தில் வந்து நிற்கும். ஒரு புங்க மரம் இருக்கிற வீட்டு மாடு பிழைத்துக்கொள்ளும். மரம் இல்லாத வீட்டு மாடு எங்களைத் தேடும்.

முனிரத்தினம் வீட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. அதுதான் கொடுமை. அவருக்கு விசைத்தறி நாலு, நிலம் ஒன்றரை ஏக்கர், கறவை மாடு ஒன்று. நர்சரிக்காரன் எதைக் காட்டினாலும் வாங்கிவந்து நடுவார். வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் இரண்டு பக்கமும் நெட்டிலிங்கம், போலீஸ்காரர்கள் அணிவகுப்பு மாதிரி. ஒரு கோழிக்குக்கூட நிழல் விழாது. மூலையில் ஒரு குல்மொஹர், பூக்கிற மாதத்தில் இலை இருக்காது. வேலி முழுக்கச் செவ்வரளி. "புங்கம் ஒண்ணு வையுங்க, முனிரத்தினம்" என்று நான் சொன்னபோதெல்லாம், "அது காட்டு மரம் சார், பாக்க நல்லாருக்காது" என்பார். அரளியை மட்டும் நான் குறை சொல்ல முடியாது. அதை ஆடு தொடாது, மாடு தொடாது. வேலிக்கு அதைவிட நல்லது எது?

ஒரு சித்திரைக் கடைசியில் பத்து மணிக்கு முனிரத்தினம் போன் செய்தார். மாடு படுத்துவிட்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கன்று போட்டு மூன்று நாள். நான் கேட்ட ஒரே கேள்வி, "காது சில்லுன்னு இருக்குதா?"

"ஐஸு மாதிரி இருக்குது சார்."

வண்டியை எடுக்கும்போதே பாட்டிலைப் பையில் வைத்துவிட்டேன். டாக்டரம்மா பக்கத்து ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். முறைக்குத் தகவல் சொன்னேன். நான் போய்ச் சேரும்போது மாடு கொட்டகைக்கு வெளியே, நெட்டிலிங்க வரிசைக்கு நடுவில், மொட்டை வெயிலில் கழுத்தை மடக்கிக் கிடந்தது. முனிரத்தினத்தின் மனைவி காஞ்சனா புடவைத் தலைப்பால் அதன் கண்ணுக்கு நிழல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றொன்பது, மாட்டுக்கு அது குறைவு. காது சில்லிப்பு, மூன்றாம் நாள், மடங்கிய கழுத்து. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கவலப்படாதம்மா. காபி போட்டு வையி, நீ குடிக்கறதுக்குள்ள எழுந்துடும்" என்றேன்.

பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுத்தாயிற்று. கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தி எழுப்பினேன். ஊசி வலது கையில். அப்போது பின்னால் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஆகவய்யா!" என்றார் டாக்டரம்மா. நில்லுப்பா என்று அர்த்தம்.

எனக்கு எரிச்சல் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாடு கிடக்கிறது, இவர் கடிகாரத்தைக் கழற்றுகிறார். கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார். ஒரு நிமிஷம் முடிந்தது. நான் ஊசியை மறுபடி தூக்கினேன். அவர் நிமிரவில்லை. இன்னொரு நிமிஷம் கேட்டார். இரண்டாம் நிமிஷம் அவர் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எழுந்து மாட்டின் பின்பக்கம் போனார். சாணி தண்ணியாகச் சளியோடு இளகிக் கிடந்தது. பால் சுரத்தில் மாட்டுக்கு வயிறு கட்டிவிடும், பேதியாகாது. அது என் கண்ணெதிரேதான் கிடந்தது. நான் பார்க்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்ததோடு என் வைத்தியம் முடிந்துவிட்டிருந்தது.

"நேத்து என்ன தின்னுச்சு?" என்று காஞ்சனாவைக் கேட்டார்.

"வைக்கோலு, தவுடு. எப்பவும் துன்றது தான் டாக்டரம்மா."

"புதுசா ஒண்ணும் போடலையா?"

"ஒண்ணும் இல்லீங்க."

டாக்டரம்மா வேலி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி நின்று, "இந்த மாசம் அரளி பூத்துக் கொட்டுமே. ஒரு பூ கூடக் காணோம். எல்லாம் எங்கே?" என்றார்.

"நேத்து கங்கம்மா ஜாத்திரை இல்லீங்களா? அம்மனுக்கு மாலை கட்டிட்டேன். ஆளு ஒசரத்துக்கு."

"அந்த மாலை இப்போ எங்கே?"

காஞ்சனா மாட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் பக்கம் சாமிக்குப் போட்டுக் கழற்றிய பூவை மிதிபடுகிற இடத்தில் போட மாட்டார்கள். ஏரியிலோ கிணற்றிலோ விடுவார்கள். "ஏரி காஞ்சி கெடக்குது டாக்டரம்மா. கெணத்துல வுட்டா மோட்டார்ல அடைக்குதுன்னு இவரு திட்டுவாரு. பசு வயித்துல போனா அம்மன்கிட்ட போன மாதிரி தானேன்னு, ராத்திரி பொங்கலு, வாழப்பழத் தோலு கூட கலந்து அண்டாவுல வெச்சேன். அரளி வெதை தான் விஷம்னு சொல்லுவாங்க. வேலி ஓரமா தினம் போவுது, ஒருநாளும் வாய் வைக்காதே! வேணாம்னா அதுவே துன்னாதுன்னு நெனச்சேன்."

பச்சையாக இருந்தால் தின்றிருக்காதுதான். பகல் முழுக்க அம்மன் கழுத்தில் வாடி, வெல்லப் பொங்கலில் ஊறியதும் கசப்பு தெரியவில்லை. பச்சைத் தீனியைக் கண்ணால் பார்த்து இரண்டு மாதமான மாடு. பூவோடு இடையிடையே வைத்துக் கட்டிய இலையும் உள்ளே போயிருந்தது. விஷம் அதிகம் இலையில்தான்.

டாக்டரம்மா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "அரளி குண்டெயை இறுக்கிப் பிடிச்சிருக்கய்யா. கால்சியமும் அதே வேலைதான் செய்யும். ரெண்டும் சேர்ந்தா பிடிச்ச பிடி விடாது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. குண்டெ என்றால் தெலுங்கில் இதயம். நான் ஊசிக்கு மூடி போட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. முனிரத்தினத்தைத் தெருவுக்குள் அனுப்பி, யாரும் மாலையை மாட்டுக்குப் போடக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்ல வைத்தார். இரண்டு வீட்டில் கூடையில் எடுத்து வைத்திருந்தார்களாம். நான் ஆசுபத்திரிக்கு ஓடி, விஷத்தை உறிஞ்சுகிற கரித்தூள் டப்பாவைக் கொண்டுவந்தேன். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினோம். இதயத் துடிப்பைத் தூக்கிவிட ஊசி ஒன்று போட்டார். கன்றுக்கு அன்றைக்குத் தாய்ப்பால் கூடாது, பக்கத்து வீட்டுப் பால்தான். "இதை யாரும் எழுப்பக் கூடாது, இழுக்கக் கூடாது. எழுந்து ரெண்டு அடி வச்சாலே குண்டெ நின்னுபோகும்" என்றார்.

சரி, வெயிலுக்கு என்ன செய்வது? மாடு நிழலுக்குப் போக முடியாது. கொட்டகைக்கு இருபது அடி தூரம்தான், இருபது மைல் என்றாலும் ஒன்றுதான். முனிரத்தினம் தறிக்கூடத்துக்குள் ஓடினார். அன்றைக்கு மடித்து வைத்திருந்த துணிப் பீஸ்களை அள்ளிக்கொண்டு வந்தார். தெருவிலிருந்து பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் இத்தனை நாள் ஏளனம் செய்த நெட்டிலிங்க மரங்களில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணியைக் கட்டி இழுத்தார்கள். நேராக, ஒரே உயரத்தில், பந்தல் கால் நட்டது போல அவை நின்றன. ஒரு பீஸ், அதற்கு மேல் இன்னொன்று, மூன்றாவதை நனைத்துக் கட்டினார்கள். கால் மணி நேரத்தில் அந்த மாட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது விற்பனைக்கு வைத்திருந்த துணி. ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை முதல்முறையாக என் காதில் மாட்டினார். இரண்டு வருஷமாக அவரோடு வேலை செய்கிறேன், நானாக ஒருநாளும் கேட்டதில்லை. டும், டும், டும். பிறகு ஒன்றுமே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் எங்கிருந்தோ மறுபடி, டும். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த ஒரு அடிக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. இப்படி ஒன்றைக் காதால் கேட்காமல் எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறேன்!

"அண்ணா, நானும் கேக்கட்டுமா?" என்றாள் காஞ்சனா.

கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிறிது நேரம் கழித்துச் சொன்னாள்: "நாலு அடிக்குது, ஒண்ணு வுடுது. அப்புறம் மூணு அடிக்குது, ஒண்ணு வுடுது. வுட்ட பின்னாடி வர்றது மட்டும் ஓங்கி வருது."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"சமையக்கட்டுல இருந்துக்கினே எந்தத் தறி அடி வுடுதுன்னு சொல்லுவேன் டாக்டரம்மா. நாலும் ஒண்ணா ஓடும்போதே சொல்லுவேன்."

டாக்டரம்மா அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். ஸ்டெதஸ்கோப்பைக் காஞ்சனாவிடமே கொடுத்தார். டாக்டர் ஒருவர் அதை இன்னொருவர் கையில் விட்டுப் போய் நான் கண்டதில்லை. "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேளு. விடறது கூடினா காம்பவுண்டர்கிட்ட சொல்லு, அவர் எனக்குப் போன் பண்ணுவார்" என்றார்.

சாயங்காலம் வரை நானும் அங்கேயே இருந்தேன். துணியை நனைத்துவிடுவதும் ஈ ஓட்டுவதும்தான் என் வேலை. கேட்கிற வேலை அவளுடையது. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு ஒருமுறை, "அண்ணா, ரெண்டு சேந்தாப்பல வுட்டுச்சி" என்றாள். போன் செய்தேன். இன்னொரு ஊசி போடச் சொன்னார், போட்டேன். நாலு மணிக்கு, "ஏழு அடிக்கி ஒருக்கா." வெயில் இறங்கும்போது, "இருவது எண்ணிட்டேன், வுடல." அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். படிக்காத ஒரு பெண் சொல்லி, நான் எழுதிய அந்த ஒரு பக்கம்தான் என் சர்வீஸிலேயே சரியான ரிப்போர்ட்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். துணிப் பந்தலுக்குக் கீழே மாடு நின்றுகொண்டிருந்தது. தானாக எழுந்ததாம். முதுகெலும்பு தெரிய, கால் நடுங்க, ஒவ்வொரு வைக்கோலாக இழுத்துக்கொண்டிருந்தது. நாலு தறியும் இன்னும் நிறுத்தியபடியே இருந்தன. காஞ்சனா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "வுடாம ஓடுது அண்ணா!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து நீங்க பாட்டிலு போட்டிருந்தா இன்னும் சீக்கிரமா எழுந்திருக்குமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "செத்துப்போயிருக்கும்மா" என்றேன். அவள் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

திருப்பதிக் கூட்டத்தில் நான் சொன்னது இதுவரைக்கும்தான்.

அந்தக் காபியைக் குடிக்கும்போதே எனக்குக் குடிபாலா ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், அங்கே கோவிந்தசாமி என்கிற விவசாயியின் மாட்டுக்குக் கால்சியம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாட்டில் முடியுமுன்னே மாடு போய்விட்டது. தலையெழுத்து என்று சொன்னார்கள், நானும் அப்படியே சொன்னேன். இப்போது தோன்றியது, அவர் வீட்டு வேலியிலும் அரளி இருந்திருக்குமோ? அதுவும் இந்த மாதிரிதான் இருந்திருக்குமோ? அப்படியானால் அது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நினைப்பு எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போய் அங்கிருந்து குடிபாலாவுக்கு பஸ் ஏறினேன். கோவிந்தசாமிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் நகரிக் கதையைச் சொல்லி, "உங்க வேலியில அப்போ அரளி இருந்துச்சா அண்ணா?" என்று கேட்டேன்.

"அரளியா? எங்க வேலி எப்பவும் கள்ளி தான்பா" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கி நாலரை பஸ்ஸு வர்ற நேரம். நீ ரோட்டப் பாத்துக்கினே பாட்டில தலைக்கு மேல தூக்கிப் புடிச்சினு இருந்தே. கொஞ்சம் எறக்குப்பான்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. ஆசுபத்திரி ஆளாச்சே, அவருக்குத் தெரியாததான்னு வுட்டுட்டேன். ஒரு தபா கத்துச்சி. போயிடுச்சி."

உயரத் தூக்கினால் மருந்து வேகமாக இறங்கும். வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். பயிற்சியில் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் அது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது. ஆசுபத்திரிக்கு ஒரு புகார் இல்லை, தெருவில் ஒரு பேச்சு இல்லை.

"ஏன் அண்ணா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? மாட்டுத் தலைய மடியில வெச்சிக்கினு நீ கொழந்த மாதிரி அழுதே. ஒன்ன வேற அழ வெச்சி இன்னா ஆவப்போவுது?" என்று எழுந்தார். "வா, பின்னாடி ஒண்ணு முந்தாநேத்து கன்னு போட்டுச்சி. தீனி சரியா எடுக்கல. வந்ததும் வந்தே, பாத்துட்டுப் போ."

மாட்டை அவிழ்த்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார். கூட நிற்கவில்லை. வெந்நீர் வைக்கச் சொல்ல வீட்டுக்குள் போய்விட்டார்.